ஆடி அமாவாசையில் அஸ்தியோடு தனியாகப் போனேன்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் 18 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். எதையும் அங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு ஓடும். போன ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் நான் தொலைத்தது: தரகருக்குக் கொடுத்தது 3,500 ரூபாய், பையிலிருந்த ரொக்கம் 6,300, கைப்பேசி 11,000. ஆக 20,800. என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம். அதிகாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் எல்லாம் போய்விட்டது. கிளம்புவதற்கு முன்னால் யாராவது இதில் பாதியைச் சொல்லியிருந்தால்கூட அப்படி ஈரச்சேலையோடு நடுத்தெருவில் நின்றிருக்க மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் ஒன்றும் தொலையாமல் இருந்திருந்தால் பாம்பன் பேருந்தில் ஏறியிருக்கவும் மாட்டேன். கணக்கில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்பா வைகாசிக் கடைசியில் இறந்தார். 74 வயது. போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரே பெண். அம்மா போய்ப் பத்து வருடமாகிறது. எனக்கும் அப்பாவுக்கும் பெரிய ஒட்டுதல் என்று சொல்ல முடியாது. வீட்டில் நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்போம். கோயிலுக்கு வரவே மாட்டார். அம்மா கூப்பிட்டால், "நீ கும்பிட்டா எனக்கும் சேர்த்துத்தான" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் மட்டும் ஒன்று கேட்டார். "என்னையப் பாம்பன் கடல்ல விட்டுரு. கோயில் பக்கமெல்லாம் வேண்டாம்." ஏன்ப்பா என்றேன். "சும்மாதான்" என்றார். அதோடு சரி.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பாம்பன்ல என்ன இருக்கு, மீன் நாத்தம்தான். அக்னி தீர்த்தத்துல கரைச்சாத்தான் அண்ணன் கரையேறும்" என்றார். அவருக்கு முட்டுவலி, வரவில்லை. அவர் மகனுக்கு வேலை, வரவில்லை. பொம்பளப் பிள்ளை தனியாகப் போவதாவது என்று கேட்டவர்களில் ஒருத்தரும் துணைக்கு வரவில்லை. வேலை, விடுப்பு என்று எனக்கும் நாள் தள்ளிக்கொண்டே போனது. வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று கொல்லை வேப்பமரக் கிளையில் மஞ்சள் துணியில் கட்டித் தொங்கவிட்ட கலயம், ஒன்றரை மாதம் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. காலையில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் கண்ணில் படும். கடைசியில் யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பினேன். அப்பா சொன்னதையும் ஒதுக்கிவிட்டு, சித்தப்பா சொன்ன ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடற்கரைக்கு.

முதல் தப்பு, நாள். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை இந்த மூன்று நாளும் ராமேஸ்வரம் ஊராக இருக்காது, தலைகளாகத்தான் இருக்கும். திதி, தர்ப்பணம் கொடுக்கிறவர்கள் அன்றைக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. அஸ்தி கரைப்பதற்கு அமாவாசைதான் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்று பிறகு எங்கள் ஊர்ப் புரோகிதர் ஒருவர் சொன்னார். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போயிருந்தால் பாதித் தொல்லை இல்லை. மதுரை மாட்டுத்தாவணியில் இரவு 11 மணிக்கு ஏறி, பரமக்குடி வரைக்கும் நின்றுகொண்டே போனேன். மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய கலயத்தை இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். நாலரைக்கு ராமேஸ்வரம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும், ஒருத்தர் நேராக என்னிடம் வந்து, "அக்கா, அஸ்திங்களா?" என்றார். அவ்வளவு கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடித்தார் என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். மஞ்சள் துணி மூட்டை கையில் இருந்தால் குருடருக்குக்கூடத் தெரியும். கலயத்தை ஒரு சாதாரணக் கட்டைப்பையில் வைத்துக் கொண்டு போங்கள். அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

"எல்லாம் சேர்த்து 3,500. அய்யர், சங்கல்பம், தீர்த்தம் எல்லாம் வந்துரும். ஜிபே வேண்டாம்க்கா, ரொக்கமாக் குடுங்க." இந்தக் கடைசி வாக்கியத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவளாக இருந்தும் "எல்லாம் என்றால் எதெல்லாம்" என்று கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேரம் பேசக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. எது எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள், ஒரு துண்டுத்தாளில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், பாதிப் பணத்தை வேலை முடிந்த பிறகு கொடுங்கள். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் குளிக்க நான் போனபோது கோயில் சீட்டு 25 ரூபாய்தான். கடலில் கரைப்பதற்குக் கட்டணமே கிடையாது. மந்திரம் சொல்கிறவருக்குத் தட்சணை கொடுக்க வேண்டும், அது நியாயம். நடுவில் நிற்கிறவருக்குத்தான் நாம் 3,000 கொடுக்கிறோம்.

கடற்கரையில் 12 பேரை வரிசையாக உட்கார வைத்து ஒரே மந்திரம். என்னிடம் வந்ததும் புரோகிதர், "ஆண் வாரிசு யாரும்மா?" என்றார். நான்தான் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருத்தரைக் காட்டி, "கலயத்தை அவர் கையில குடுங்க, உங்களுக்காக அவர் செய்யட்டும்" என்றார். அந்த மனிதர் பாவம், கையை நீட்டிவிட்டார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததென்று தெரியவில்லை. மின்மயானத்தில் பொத்தானை அமுக்கியது நான். ஒரு மாதம் மலம், மூத்திரம் எடுத்தது நான். எழுந்து கலயத்தைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் நடந்துபோய் நின்றேன். அங்கே நின்றும் கரைக்கவில்லை. சுற்றிலும் ஆயிரம் பேர் முங்கிக்கொண்டிருக்கிறார்கள், பூமாலை, பிண்டம், பழைய துணி எல்லாம் காலில் சுற்றுகிறது, அந்தக் கலங்கலில் அப்பாவை விட மனம் வரவில்லை. திரும்பிக் கரைக்கு வந்தேன். தரகர் இல்லை. அது போகட்டும். தண்ணீரில் இறங்குவதற்கு முன், கைக்குழந்தையோடு படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் என் பையைக் கொடுத்திருந்தேன், "பாத்துக்கிறேன் தாயி, போயிட்டு வா" என்று சிரித்தவள். அவளும் இல்லை, பையும் இல்லை.

மாற்றுச் சேலை, பணம், ஏ.டி.எம். அட்டை, ஆதார், கைப்பேசி எல்லாம் அந்தப் பையில்தான். ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டது இரண்டாவது பெரிய தப்பு. என் பாட்டி சாகும்வரை இடுப்பில் சுருக்குப்பை வைத்திருந்தாள். அதைக் கேலி செய்த பேத்தி நான். இப்போது ஒன்று தைத்து வைத்திருக்கிறேன், அதில் 500 ரூபாயும் ஆதார் நகலும் இரண்டு தொலைபேசி எண் எழுதிய தாளும் மழைத்தாளில் சுற்றிக் கிடக்கும். ஏனென்றால் புறக்காவல் நிலையத்தில் "யாருக்குத் தகவல் சொல்லணும், நம்பர் சொல்லுங்க" என்று கேட்டபோது எனக்கு நினைவில் இருந்த எண்கள் இரண்டுதான். ஒன்று தொலைந்துபோன என் எண். இன்னொன்று ஒன்பதரை மணிக்குத் திறக்கும் அச்சகத்தின் எண். 47 வயதில், உலகத்தில் கூப்பிட ஓர் எண் இல்லை.

காவலர்கள் நன்றாகத்தான் நடந்துகொண்டார்கள். புகார் எழுதி வாங்கி, சி.எஸ்.ஆர். என்கிற புகார் ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள், பிறகு எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். அங்கிருந்த பெண் காவலர் தன் கைப்பேசியிலேயே வங்கிக்குப் பேசி அட்டையை முடக்க உதவினார். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். ஊருக்கு வந்த பிறகு அதே எண்ணில் புது சிம் வாங்கி, சி.ஈ.ஐ.ஆர். என்கிற மத்திய அரசுத் தளத்தில் ரசீதையும் ஐ.எம்.இ.ஐ. என்கிற கைப்பேசியின் அடையாள எண்ணையும் கொடுத்துக் கைப்பேசியையே முடக்கினேன். ஐ.எம்.இ.ஐ. எண் கைப்பேசி வாங்கிய டப்பாவின்மேல் அச்சாகியிருக்கும். டப்பாவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ரசீதை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தபோது மணி எட்டிருக்கும். ஒரு கடைச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கோபுரம் தெரிந்தது. கும்பிடத் தோன்றவில்லை. இங்கே உண்மையைத்தானே எழுத வேண்டும்: ராமநாதா, நீ இருக்கிறாயோ இல்லையோ, உன் ஊரில் எனக்கு இடமில்லை என்றுதான் மனசுக்குள் சொன்னேன். அப்புறம் மடியில் இருந்த கலயத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கோயில் பக்கம் வேண்டாம் என்று அந்த மனிதர்தான் அப்போதே சொன்னாரே.

பாம்பன் போகக் கையில் காசில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 2021இல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து நான் அதில் அச்சகத்துக்குப் போய்வருகிறேன், ஆனாலும் வெளியூரில் மாட்டிக்கொண்டால் அதுவும் ஒரு கை கொடுக்கும் என்று யோசித்ததே இல்லை. நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னல் ஓரத்தில் காலி அன்னக்கூடையோடு ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருந்தார், எழுபது வயதிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்ததும் என் ஈரச்சேலை அவர்மேல் பட்டது.

"என்ன ஆத்தா, ஈரத்தோட ஏறிட்ட? சேலை மாத்தலையா?"

பை போன கதையைச் சொன்னேன். அவர் கூடைக்குள் இருந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டுக் கலயத்தைப் பார்த்தார்.

"ஆரு?"

"அப்பா."

"கோயில்ல குடுக்காம எங்கிட்டுக் கொண்டுபோற?"

"பாம்பன் கடல்ல விடச் சொன்னார். முன்னாடி அங்க போஸ்ட்மேனா இருந்திருக்கார். 83ல இருந்து 87 வரைக்கும்."

"எந்த ஊருக்காரரு?"

"சிவகாசி."

அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பேருந்து தங்கச்சிமடத்தில் ஆள் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தது. பிறகு என் முகத்தை நன்றாகப் பார்த்துக் கேட்டார்: "தீப்பெட்டி போஸ்ட்மேனா?"

இந்தப் பெயரை நான் அதற்குமுன் கேட்டதே இல்லை. ஆனால் கேட்டவுடன் யாரைச் சொல்கிறார் என்று தெரிந்தது. எனக்கு அஞ்சு, ஆறு வயதில், அப்பா மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அப்போது சிவகாசியும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது, 1985இல்தான் பிரித்தார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் எங்களைக் கூட்டிப் போகவில்லை. திரும்பிப் போகும்போது அச்சகத்தில் கழித்துப்போட்ட தீப்பெட்டிப் படங்களைக் கட்டுக் கட்டாகப் பையில் அடுக்குவார். எனக்கு ஒன்று கொடுங்கப்பா என்று அழுதிருக்கிறேன். "இங்கதான் தெருவெல்லாம் கிடக்குல்ல, இது அங்கிட்டு" என்று தரமாட்டார். அந்த ஆத்திரம் நாற்பது வருடம் எனக்குள் இருந்திருக்கிறது என்பது அந்தப் பேருந்தில்தான் தெரிந்தது.

"பாம்பன்ல அப்ப இருந்த பிள்ளைக பூரா உங்கப்பாகிட்ட படம் வாங்கியிருக்கும். தபால் குடுக்க வந்தா பின்னாடியே ஒரு கூட்டம் ஓடும்." அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். எனக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் பொய். முதலில் வந்தது பொறாமைதான். எங்கள் வீட்டில் வாய் திறக்காத மனிதர் இந்த ஊரில் என்னவெல்லாம் பேசியிருக்கிறார்.

அக்காள்மடம் தாண்டும்போது அந்த அம்மாவின் தங்கை கதை வந்தது. ஊர்ப் பெயரும் கதையும் அப்படி அமைந்ததற்கு நான் பொறுப்பில்லை. தங்கையை இலங்கையில், மன்னார்த் தீவுப் பேசாலையில் கட்டிக்கொடுத்திருந்தார்களாம். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலம், பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரி போய்வருவார்களாம். அங்கே நடந்த 83 கலவரத்துக்குப் பிறகு கப்பல் நின்றுபோனது. அதன்பிறகு கடிதம் ஒன்றுதான். இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிற வேலை. அன்றைக்கும் பாசிக் காசு பாக்கி வாங்கத்தான் ராமேஸ்வரம் வந்திருக்கிறார், "அமாவாசையன்னைக்கு எவன் மீன் வாங்குவான்" என்று சிரித்தார். பாறையில் கிழிந்து கிழிந்து ஆறிய விரல்கள், நகமே பாதிதான் இருந்தது. தபால் பட்டுவாடா முடிந்ததும் அப்பா இவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு மடித்து ஒட்டி அனுப்புகிற ஏரோகிராம் நீலத்தாளில் இவர் சொல்லச் சொல்ல எழுதுவாராம். தங்கையிடமிருந்து பதில் வந்தால் அவரே வாசித்தும் காட்டுவாராம். இவர்களுக்கு மட்டுமில்லை, கேட்கிற எல்லாருக்கும்.

"எங்களுக்குன்னா மேல சிலுவை போட்டுத்தான் ஆரம்பிப்பாரு. பாய்மாருக்கு 786 போடுவாரு. மத்தவுகளுக்குப் பிள்ளையார் சுழி. ஏன் சார் இப்படின்னு ஒருநாள் கேட்டேன். எழுதுறது நானா இருந்தாலும் பேசுறது நீங்கதானம்மா, உங்க சாமியக் கூப்பிட்டுத்தான ஆரம்பிக்கணும்னாரு."

பாம்பனில் இறங்கியதும் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அதற்குள் நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். வெளுத்த சேலை ஒன்று கொடுத்தார். ஒரு கடுங்காப்பி. "இன்னைக்கு எங்க சட்டிச் சோறு உனக்கு ஆகாது, முடிச்சிட்டு வா, பக்கத்து வீட்டுல மீன் போடாத சட்டி இருக்கு, வாங்கி வடிச்சு வைக்கிறேன்" என்றார். கலயத்தைத் தூக்கிக்கொண்டு நான் தெற்குப் பக்கமாக நடந்தேன், அந்தப் பக்கம் அலைச்சத்தம் கேட்டதால். பெரியம்மா கையைப் பிடித்து இழுத்தார். "ஆடிக் கச்சான் அடிக்குது. இப்பத் தென்கடல்ல விட்டீன்னா உங்கப்பா திரும்ப நம்ம வாசலுக்கே வந்துருவாரு. வடகடலுக்கு வா." இது எந்தப் புரோகிதரும் தரகரும் சொல்லாத விஷயம். இந்தக் கரையில் ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று தொடங்கினால் அப்படியே மாறிவிடும். அஸ்தி கரைக்கவோ குளிக்கவோ போகிறவர்கள் எந்த மாதம் எந்தக் கடல் என்று உள்ளூர் மீனவர் ஒருத்தரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பெரியம்மாவின் பேரன் வத்தை என்கிற சின்னப் படகில் ஏற்றிக் கொஞ்ச தூரம் கொண்டுபோனான். ஒரு பக்கம் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், அதை ஒட்டிப் புதுப் பாலம், மேலே சாலைப் பாலத்தில் வண்டிகள். மூன்றையும் தண்ணீரில் இருந்து பார்க்க எவ்வளவு சிறியதாக இருக்கிறோம் என்று தோன்றியது. பேரன் இயந்திரத்தை நிறுத்தினான். எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. சாம்பல் தண்ணீரில் விழுந்து வெள்ளையாகப் படர்ந்து, அப்படியே நகர்ந்தது. "போயிட்டு வாங்கப்பா" என்றேன். வீட்டிலிருந்து டீக்கடைக்குக் கிளம்பும்போது அம்மா சொல்கிற மாதிரி. மஞ்சள் துணியையும் போடப்போனேன். "அக்கா, துணியப் போடாதீங்க, வலையில சிக்கும்" என்றான் பேரன். கரையில் நின்ற பெரியம்மா தலையில் முக்காடு போட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டது தெரிந்தது. என் சித்தப்பா வந்திருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்காது.

வடித்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். ஊருக்குப் போக 500 ரூபாய் கொடுத்தார். பாசிக் காசு. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. நடுராத்திரி வீடு வந்து சேர்ந்தபோது வேப்பமரக் கிளை காலியாக இருந்தது, அதற்குத்தான் அன்றைக்கு முதல்முறையாக அழுதேன்.

ஐப்பசிக் கடைசியில் மறுபடி போனேன், இந்தமுறை சாதாரணச் செவ்வாய்க்கிழமை, மதுரையிலிருந்து பகல் ரயில். புதுப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. பகலில் போனால் கடல்மேல் போவதைப் பார்க்கலாம், இறங்கும்போது தரகர் கூட்டமும் கம்மி. அன்றிரவு அறை எடுத்துப் பையை அங்கேயே பூட்டினேன். கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே அறையில் விட்டுவிட்டுப் போவதுதான் நிம்மதி. விடியற்காலையில் எழுந்தால் ஸ்படிக லிங்க தரிசனம் கிடைக்கும். பிறகு கடல் முழுக்கு, 22 தீர்த்தம், கடைசியில் கோடி தீர்த்தம். ஈரத்துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி கையிலேயே இருக்கட்டும். கிணற்றுக்குக் கிணறு வாளித் தண்ணீர் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. போனமுறை இந்த ஊரில் எனக்கு இடமில்லை என்று சொன்னது நினைவுக்கு வந்தது. சன்னிதியில் நின்று வேண்டுதல் என்று ஒன்றும் கேட்கவில்லை, கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத மாதிரி இருந்தது. பட்டர் ஆரத்தி காட்டியபோது என்னையறியாமல் "அப்பாவுக்கும் சேர்த்து" என்று வாய் சொன்னது. அம்மா கும்பிட்டதில் அவர் பங்கு போட்டுக்கொண்ட மாதிரியே.

மத்தியானம் பாம்பன். வாடைக்காற்று ஆரம்பித்திருந்தது. அப்பாவை விட்ட வடகடல் இப்போது சீறிக்கொண்டிருந்தது, தென்கடல் சாதுவாகிவிட்டது. 500 ரூபாயையும் துவைத்து மடித்த சேலையையும் கொடுத்தேன். சேலையை வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் அச்சகத்தில் கழித்துப்போட்ட தீப்பெட்டிப் படங்களை ஒரு கட்டு கொண்டுபோயிருந்தேன். பேரனின் பிள்ளைகள் ஒரு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைப்பேசிக்குத் திரும்பிவிட்டார்கள். தெருவிலிருந்த ஐம்பது வயசுக்காரர்கள்தான் வந்து பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஒருத்தர் சிங்கம் போட்ட படம் கிடைக்கவில்லை என்று நிஜமாகவே கோபித்துக்கொண்டார்.

நான் வருவது தெரிந்து மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து பெரியம்மாவின் தங்கை மகள் வந்திருந்தார். தங்கை இப்போது இல்லை. 1990இல் அங்கே சண்டை மறுபடி தொடங்கியபோது, பிள்ளைகளோடு படகில் வந்து இறங்கியவர். வரும்போது கட்டிய துணி, ஒரு ஜெபமாலை, அக்காவிடமிருந்து வந்த கடிதங்களில் ஒன்று, இவ்வளவுதான் கொண்டுவந்தாராம். மகள் பிஸ்கட் டப்பாவுக்குள்ளிருந்து அதை எடுத்துப் பிரித்தார். நீலத்தாள் மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. அப்பா கையெழுத்து. வலது பக்கம் சாய்ந்து, ழகர வால் நீண்டு, மளிகைச் சீட்டில் நான் ஆயிரம் முறை பார்த்த எழுத்து. உச்சியில் சிலுவை. கீழே, இங்கே எல்லோரும் சுகம், மழை இல்லை, பாசி விலை இறங்கிவிட்டது, அம்மா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அக்கா பேசுகிற மாதிரியே இருந்தது, அப்பா அதில் எங்கும் இல்லை.

மடித்துக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன். ஒட்டுகிற நாக்கின் உட்பக்கம், பசை காய்ந்து பழுத்துப்போன இடத்தில், கடுகளவுக்கு ஒரு பிள்ளையார் சுழி.

"இது என்ன பெரியம்மா?"

"அதுவா? ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்துல கிறுக்குவாரு. எல்லாக் கடுதாசிலயும் உண்டு. கடல் தாண்டிப் போகணும்ல."

அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துக்க ஆத்தா" என்றார். "கடுதாசி மட்டும் எங்களுக்கு வேணும்."